உளிக்குத் தடவிய கால் மருந்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக மனதுக்குள் இழுத்துக்கொண்டே இருந்தேன். கிருத்திகைக்குக் கிருத்திகை முருகன் சந்நிதியில் விளக்குப் போடும்போது அவனிடமே கேட்பேன். அவன் வேலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பேனாவை எடுப்பேன், அடுப்பில் பால் பொங்கும், போய்விடுவேன்.

பயம் என்னவென்றால், இதில் தீர்த்தம் வருகிறது, தீட்டு வருகிறது, சாமி வாகனம் வருகிறது. பார்த்தாயா இவர்களுடைய மூடத்தனத்தை என்று யாராவது சிரித்துவிடக்கூடாது. சாமியைக் கேலி செய்கிறாள் என்று யாராவது கோபித்துக்கொள்ளவும் கூடாது. இன்னொன்று, இதில் வருகிற மூன்று பெரியவர்களும் நல்லவர்கள். மூன்று நல்லவர்கள் இருந்த வீட்டிலிருந்து, ஒரு துருப் புள்ளிக்காக, என் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் பார்த்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன். அப்பா போய்விட்டார். போன தை மாதம் அத்தையும் போய்விட்டாள். ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேடுகிற வயது எனக்கும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து நரைத்துக்கொண்டிருக்கிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நான் எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் நடந்தது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தச்சு வேலை. கருங்குழியில் அம்மா வீட்டுப் பக்கத்தில்தான் இருந்தோம். பொங்கல் முடிந்த கையோடு கடற்கரைப் பக்கம் வந்துவிட்டோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ்காரர்கள் கட்டில், பூஜை அலமாரி எல்லாம் செய்யச் சொல்வார்கள் என்று நம்பி வந்தார் அப்பா. வந்த இடத்தில் அதைவிடப் பெரிய வேலை கிடைத்தது. அந்த ஊர் முருகன் கோயிலுக்கு மயில் வாகனம். பங்குனி உத்திரத்துக்கு சாமி அதில் புறப்பட வேண்டும்.

அப்பா அதுவரை கதவு, ஜன்னல், கட்டில் மட்டும் செய்தவர். சாமி வேலை கிடைத்ததும் ஆள் மாறிவிட்டார். பீடியை விட்டார். பாயில் படுத்தார். வீட்டைச் சுற்றி வஞ்சிரமும் வவ்வாலும் வறுக்கிற வாசனை வரும், அப்பா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டிருந்தார். தென்னங்கீற்றுக் கூரை, கிழக்கே ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் சவுக்குத் தோப்பு, அப்புறம் கடல். காலையில் அந்த ஜன்னல் வழியாக வெயில் நேராக வந்து வேலைப் பலகைமேல் விழும். அத்தி மரத்துண்டு வெள்ளை வெளேரென்று கிடக்கும், அதில் மயிலின் கழுத்து மட்டும் முதலில் வளைந்து எழுந்தது. அத்தி மரத் தூளின் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. பச்சை வாழைத்தண்டை நறுக்கினதுபோல இருக்கும்.

அப்பாவின் உளிகளைப்பற்றிச் சொல்ல வேண்டும். அவை அப்பாவுடையவை இல்லை. எங்கள் அத்தையின் புருஷன், என் மாமா, நல்ல வேலைக்காரர். சாமி வேலையெல்லாம் அவர் செய்வார். அவர் காலமாகிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. அத்தை எங்களோடு வந்துவிட்டாள், அவளோடு அந்தப் பலா மரப் பெட்டியும் வந்தது. உள்ளே உளி, வாய்ச்சி, இழைப்புளி எல்லாம் அரிசிச் சாக்கில் சுற்றி இருக்கும். உளிகளின் கைப்பிடியில் மாமாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருந்தது. சின்னக் கிண்ணம்போல. என் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன், உள்ளே விழுந்துபோகும்.

மாமாவின் அஸ்தியை மாமல்லபுரம் கடலில்தான் கரைத்தார்கள்.

வாகன வேலை தொடங்கிய நாளில் உளிகளை வரிசையாக வைத்துப் பூஜை போட்டார் அப்பா. அம்மா சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். நான் பூ வைத்தேன். அத்தை ஷெட்டுக்குள் வரவில்லை. துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில், காய்ந்த புடவையை மறுபடியும் மறுபடியும் உதறிக்கொண்டு நின்றாள். தாலி அறுத்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். அவள் புருஷனுடைய உளிக்கு என் அம்மா பொட்டு வைத்தாள். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

மாசி மகம் வந்தது. மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நின்றன. இருளர் சனங்கள் முந்தின நாளே வந்து மணலில் குடிசை மாதிரி போட்டுத் தங்கியிருந்தார்கள். அத்தை கடலில் முங்கி எழுந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். இருமல் மருந்து வந்த பழுப்பு நிறப் பாட்டில். அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுந்திரு அக்கா, நாஸ்தா துன்னலாம்" என்று அப்பா கூப்பிட்டதுகூட காதில் விழவில்லை.

அம்மா அங்கே ஒரு தேன்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். தேன் வாங்க அல்ல, மெழுகு வாங்க. அம்மாவுக்குக் கால் முழுக்கப் பித்தவெடிப்பு. உப்புத் தண்ணீர் ஊரில் வந்து இன்னும் பிளந்துவிட்டது.

"தேன் வாணாமா? மெழுக வாங்கினு இன்னா பண்ணப் போற?" என்றாள் தேன்காரம்மா.

"கால் வெடிப்புக்கு. எண்ணெயில போட்டு உருக்கித் தடவுனா கேக்கும்."

"உன் கால பாத்தா ஒரு கூடை மெழுகு புடிக்கும்போல கீதே" என்று சிரித்து, ஒரு பெரிய கருப்பட்டி அளவு மெழுகுக் கட்டியைக் கூடவே போட்டுக் கொடுத்தாள். அதில் தேனீயின் இறக்கையெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்துதான் பிடித்தது பேஜார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா சீக்கிரம் வேலையை நிறுத்திவிடுவார். உளிகளைத் துடைத்து ஜன்னலோரப் பலகையில் வரிசையாக வைத்து, கற்பூரம் காட்டி, குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் உளி முழுக்கத் துருப் புள்ளி. முகத்தில் பரு வந்ததுபோல, சிவப்புச் சிவப்பாக. வாய்ப்பக்கம் விழுந்த புள்ளி இரும்பைத் தின்று பல் பல்லாக ஆக்கிவிட்டது. அதை வைத்து இழுத்ததும் மயிலின் கழுத்தில் கோடு கோடாகக் கீறல். போதாததற்கு, துரு பட்ட இடத்தில் வெள்ளை மரம் கறுத்துப்போயிற்று.

அப்பா கூரை ஒழுகுகிறதா என்று ஏறிப் பார்த்தார். மாசியில் ஏது மழை. தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார். எண்ணெய் மரத்தில் இறங்கினால் பிறகு வர்ணம் பிடிக்காது என்று பயந்து அதையும் அழுந்தத் துடைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மறுபடி புள்ளி.

அத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தம்பி, நான் சொல்றேன்னு கோச்சிக்காத. யாரோ தீட்டுப்பட உள்ள போயிருக்காங்க. அவரு கையில இருந்த வரைக்கும் இந்த உளி ஒருநாள் துரு கண்டதில்ல."

வீட்டில் உள்ள பெண்கள் மூன்று பேர். அத்தை உள்ளே வருவதில்லை. நான் குழந்தை. அப்புறம் யார்?

"நான் மூணு நாள் ஒதுங்கி இருக்கசொல்ல ஷெட்டுப் பக்கமே தலை வெச்சிப் படுக்கல அண்ணி" என்றாள் அம்மா.

"நீ வேணும்னு பண்ணுவேன்னு நான் சொல்லலியே. தெரியாம கூட்டப் போயிருப்ப."

அப்பா துருப்பிடித்த உளியைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து ஷெட்டை அவரே கூட்டிக்கொண்டார். அம்மா அழவில்லை. ஆனால் சோறு போடும்போது கரண்டி தட்டில் படுகிற சத்தம் மாறிவிட்டது.

அம்மாதான் ஒருநாள் கவனித்தாள். கால் வெடிப்பு மருந்தை இரவில் தடவிக்கொண்டு, அதே கையோடு அரிவாள்மணையை எடுத்துச் சுவரில் சாய்ப்பாள். கத்தி, கரண்டி, பூட்டு, எல்லாம் அந்த ஊர்க் காற்றில் துருவேறிக் கிடக்க, அரிவாள்மணையின் முதுகு மட்டும் பளபளவென்று இருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பும் இல்லை.

"இன்னாங்க, இத பாருங்களேன்" என்று அப்பாவிடம் காட்டினாள். அப்பா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு அத்தி மரச் சிலாம்பை எடுத்து அதன்மேல் தேய்த்தார். கறை இல்லை.

"இன்னா போட்டே இதுக்கு?"

"கால் மருந்து."

அத்தைக்கு வந்ததே கோபம். "ஏண்டியம்மா, காலுக்குத் தடவுறத எடுத்து சாமி வேலை செய்யிற உளிக்குத் தடவுவியா? நாளைக்கு செருப்பு பாலீஷ் போடுவியா?"

"அதே டப்பாவா அண்ணி போடப்போறேன்? தலைக்கு ஊத்திகினு, புதுச் சட்டியில காச்சித் தரேன்."

அப்பாவுக்கு வேறு வழியும் இல்லை. "கைப்பிடிக்கு தேங்கா எண்ணெ வாணாம், வழுக்கும். அதுக்கு லின்சீட் எண்ணெ ஊத்தித் தனியா காச்சு. நீ உள்ள வர வாணாம். காச்சிக் குடு, நான் பூசிக்கிறேன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா ஈரத் தலையோடு, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் தொடங்கினாள். பம்ப் ஸ்டவ்வின் மேல் மண்சட்டி. முதல் தடவை நேராகத் தீயில் வைத்து, மெழுகு புகைந்து, ஓரத்தில் குப்பென்று பற்றிக்கொண்டது. தட்டை எடுத்துக் கவிழ்த்து அணைத்தாள். "முருகா, உன் வேலையாச்சே, நீயே கொளுத்தினா எப்படி?" என்று அவனையே கடிந்துகொண்டாள். பிறகு அகலப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் ஒரு பால்பவுடர் டப்பாவை இறக்கி, மெழுகை அதில் போட்டாள். அது அவசரப்படாமல், வெண்ணெய் உருகுவதுபோல உருகியது. வீடெல்லாம் தேனும் புகையும் கலந்த வாசனை. எறும்புகள்கூட அடுப்படிக்கு வரிசை கட்டி வந்தன. பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாள். தேனீயின் காலும் இறக்கையும் துணியில் நின்றுவிட்டன. எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, என்னிடம் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொல்லி, ஒரு சொட்டு விட்டு ஊதினாள். பாகுப் பதம் பார்ப்பதுபோலத்தான். நகத்தால் அழுத்தி, கீறல் விழுந்தால் எண்ணெய், பிசுக்கு ஒட்டினால் மெழுகு என்று சேர்த்தாள். சரியாக வந்ததும் சாமி வேலையாச்சே என்று துளி பச்சைக்கற்பூரமும் நுணுக்கிப் போட்டாள். இரண்டு டப்பா. மஞ்சள் டப்பா இரும்புக்கு, கொஞ்சம் பழுப்பாக இருந்தது கைப்பிடிக்கு.

அன்று சாயங்காலம் அப்பா ஒவ்வொரு உளிக்கும் பூசி, காய்ந்த துணியால் தேய்த்து, வரிசையாக வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாப்பா, மொகம் தெரியுது பாரு." ஒரு அகல உளியில் என் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்பா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன், வெகு நாளைக்கப்புறம்.

சனிக்கிழமை காலை அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வெயில் ஏறித்தான் ஷெட்டைத் திறந்தார். திறந்தவர் கத்தினார். எல்லோரும் ஓடினோம்.

துரு இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு உளியின் மேலும், வட்ட வட்டமாக, வெள்ளையாக, சின்னச் சின்னக் கொப்புளம்போல ஏதோ பூத்திருந்தது. ஜன்னல் வெயிலில் அது மினுமினுத்தது.

"அம்மை" என்றார் அப்பா. "உளிக்கு அம்மை வாத்திருக்கா."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் நடிக்கவில்லை. "தாயே, காலுக்குப் போடுறத போட்டா ஆத்தா சும்மா இருப்பாளா? தம்பி, இது விளையாட்டு இல்லடா. சாமி காரியம். பங்குனி உத்திரம் முடியிற வரைக்கும் அவ கருங்குழில இருக்கட்டும்டா. அவள நான் குத்தம் சொல்லல. ஆத்தா கேக்குறா."

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போய் ரெண்டு பொடவ எடுத்து வெச்சிக்கோ. செங்கல்பட்டு பஸ் ஏத்தி விடறேன். அங்கிருந்து போயிடுவ இல்ல?"

"பாப்பா?"

"அவளுக்குப் பள்ளிக்கூடம் கீது. அவ இங்க இருக்கட்டும்."

அம்மா வீட்டுக்குள் போனாள். நான் பின்னாலேயே போனேன். கட்டைப்பையை எடுத்து உதறினாள். புடவையை மடித்து வைத்தாள். அம்மா போகிற இடம் அவள் அண்ணன் வீடு. சாமி உளிக்கு அம்மை வந்ததால் புருஷன் அனுப்பிவிட்டான் என்று ஒரு பெண் போய் நின்றால், அந்த ஊர் என்ன பேசும், அண்ணன் பெண்டாட்டி எந்தத் தட்டில் சோறு போடுவாள், பங்குனி உத்திரம் முடிந்ததும் யார் வந்து கூப்பிடுவார்கள், இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்று. அம்மா மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிரித்தாள். மடித்தாள்.

பிறகு பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, நேராக ஷெட்டுக்குப் போனாள். "உள்ள வராத" என்றார் அப்பா. அம்மா வந்துவிட்டாள். அகல உளியின் மேல் இருந்த ஒரு வெள்ளை வட்டத்தை விரலால் தொட்டாள். நாக்கில் வைத்தாள்.

நானும் ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடலில் குளிக்கும்போது வாய்க்குள் போகுமே, அதே கசப்பு உப்பு.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா கோயிலுக்குப் போயிருந்தபோது, அத்தை முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். எங்கே அத்தை என்று கேட்டேன். "உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வரேன், நீ போய் படி" என்றாள். பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன். முந்தானைக்கு வெளியே பழுப்புப் பாட்டிலின் மூடி தெரிந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற அளவுக்கு. அவளும் அத்தையைப் பார்த்தாள்.

அத்தையின் முகம் போன போக்கை நான் என்னவென்று எழுத? அந்த நொடி வரை அவளுக்கே தெரியாது. முருகன்மேல் சத்தியமாகத் தெரியாது. பொட்டு வைக்க உரிமை இல்லாதவள், தன் புருஷன் கலந்த கடலின் தண்ணீரை, மாசி மகத் தீர்த்தத்தை, அவன் உளியின் மேல் நாலு சொட்டு தெளித்தாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். அந்த உப்புதான் வாரா வாரம் இரும்பைத் தின்றது. மெழுகு பூசிய உளியில் அது இறங்க முடியாமல், முத்து முத்தாக நின்று, வெயிலில் காய்ந்து, பூத்துவிட்டது.

"இன்னாடி?" என்றார் அப்பா.

"உப்பு" என்றாள் அம்மா. "நீங்களே நாக்குல வெச்சிப் பாருங்க."

அப்பா வைத்துப் பார்த்தார்.

"ஆமாம், உப்பு. எங்கிருந்து வந்துது?"

அத்தை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தைக்குத் தம்பி வீட்டை விட்டால் போக வேறு வீடு கிடையாது.

"காத்து" என்றாள் அம்மா. "ஜன்னல் கடலப் பாத்துகினு கீது. ராவெல்லாம் உப்புக் காத்து அடிக்குது. பலகை ஜன்னலாண்டதான கீது? அதான் துரு. ஆத்தாவும் இல்ல, தீட்டும் இல்ல."

அப்பா ஜன்னலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். உளியை ஒரு துணியால் துடைத்தார். வெள்ளையெல்லாம் உதிர்ந்து, அடியில் இரும்பு பளிச்சென்று இருந்தது. "அட இழவே" என்றார். தலையில் அடித்துக்கொண்டார். "காத்தாம். நான் வேற ஒன்ன போயி..." என்றவர் வெளியே போய்ப் பலகையும் ஆணியும் கொண்டுவந்து ஜன்னலை அடைக்க ஆரம்பித்தார்.

நான் வீட்டுக்குள் ஓடி, கட்டைப்பையிலிருந்த புடவைகளை எடுத்து அலமாரியில் திணித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கோயிலுக்குப் போனதும் அத்தை எழுந்திருக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டில் பூஜை அலமாரியில் பாதித் தண்ணீரோடு இருந்தது.

அம்மா அந்தப் பாட்டிலையும் மெழுகு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, இன்னிக்கி அண்ணன்கிட்ட பேசப் போலியா?"

அத்தை விலுக்கென்று நிமிர்ந்தாள்.

"தீர்த்தம் தெளிங்க. யாரு வாணான்னா? தெளிச்சிட்டு, துணியால ஒத்தி எடுத்துட்டு, இத ரவ பூசிட்டு வாங்க. எனக்கும் வேல மிச்சம், அவருக்கும் வேல மிச்சம்."

"நான்..." என்று இழுத்தாள் அத்தை. "நான் தொடலாமாடி?"

"அவரு உளி அண்ணி. ஒங்கள விட்டா யாரு தொடுறது?"

அத்தை டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "கால் டப்பா இல்லியே இது?"

"அது கட்டிலுக்கு அடியில கீது. வேணும்னா அதையும் எடுத்துக்கோங்க, ஒங்க கால் மட்டும் இன்னா தாமரைப் பூவா?"

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஜன்னல் அடைத்திருந்ததால் ஷெட் இருட்டாக இருக்கும் என்று அம்மா என்னை விளக்கோடு கூட அனுப்பினாள். அவள் ஷெட் வாசலிலேயே, தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள், அப்பா வருகிறாரா என்று.

அத்தை தீர்த்தம் தெளித்தாள், ஒத்தி எடுத்தாள். மெழுகை மூன்று விரலால் தொட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல ஒவ்வொரு உளிக்கும் தேய்த்தாள். கைப்பிடிக்கு வந்ததும் நிதானமாகிவிட்டாள். மாமாவின் கட்டைவிரல் குழியில் தன் கட்டைவிரலை வைத்து, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். "தோ பாருய்யா" என்றாள், உளியைப் பார்த்து. "நான்தான்யா துரு புடிக்க வெச்சிகினு இருந்தேன். அவ மேல பழி போட்டேன். கோச்சிக்காத." அவள் ஒத்துக்கொண்டது அவ்வளவுதான். அதுவும் மாமாவிடம். ஆனால் அம்மா வாசலிலேயே நின்றாள், காது கேட்காதவள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, தன் விரலில் ஒட்டியிருந்த மிச்ச மெழுகை அம்மாவின் குதிகால் வெடிப்பில் தடவிவிட்டாள். சாமி மெழுகாச்சே என்று அம்மா காலை இழுத்தாள். "கம்முனு இரு" என்றாள் அத்தை.

பங்குனி உத்திரத்துக்கு மயில் புறப்பட்டது. பழைய கீறலையும் கறையையும் அப்பா இழைத்து எடுத்துவிட்டார், கழுத்தில் ஒரு கோடு இல்லை. அந்த மயில்மேல் முருகன் ஏறி வரும்போது அப்பா தெருவில் விழுந்து கும்பிட்டார். எழுந்தவர், பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார், "எல்லாம் இந்தக் காத்துங்க. உப்புக் காத்து. என் சம்சாரம்தான் கண்டுபிடிச்சா."

பாவம் அப்பா. அந்த வருஷக் கோடை முழுக்க அடைத்த ஷெட்டுக்குள் வெந்துபோய் வேலை செய்தார். பனியன் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். "ஜன்னலத் தொறங்களேன், அதான் மெழுகு பூசுறோமே" என்று அம்மா கெஞ்சுவாள். கேட்க மாட்டார். பிற்காலத்தில் திருப்போரூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினார். கடல் எங்கேயோ கிடக்கிறது. கிழக்கே ஜன்னல் வைக்கக்கூடாது என்று கொத்தனாரிடம் ஒரே சண்டை. அத்தை அப்போதெல்லாம் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை மெழுகு பூசுவது மட்டும் அவள் கடைசி வரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவைக் கடைசி வரை அவள் ஒரு சொல் கடிந்து பேசியதும் இல்லை. அந்தப் பால்பவுடர் டப்பா வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. அடியில் அவள் விரல் வழித்த மூன்று கோடு அப்படியே உறைந்திருக்கும். அதை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கலாம்.

எழுத உட்காருமுன் அம்மாவிடம் கேட்டேன். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எழுதேன், யாரு வாணான்னா. காத்துன்னே எழுது."

"பொய் எழுதச் சொல்றியாம்மா?"

"கடலாண்ட இருந்து வந்த உப்பு தானே? காத்து கொண்டாந்தா இன்னா, உங்க அத்தை கொண்டாந்தா இன்னா? போய் ஒல வை."

நான் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். நீங்கள் உங்கள் மருமகளுக்கோ பேத்திக்கோ இதைச் சொல்லுவீர்கள், சொல்லுங்கள். ஆனால் இதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைத்துச் சொல்லாதீர்கள். அத்தையைப் பொல்லாதவளாக்க வேண்டாம், அவள் கட்டைவிரல் அந்தக் குழிக்குள் சுற்றியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவைச் சாமியாக்க வேண்டாம், அவள் புடவையைப் பிரித்துப் பிரித்து மடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீர்த்தத்தைக் குறை சொல்ல வேண்டாம், அதை ஒத்தி எடுக்க மறந்ததுதான் குறை. நான் எழுதினது எப்படி இருக்கிறதோ அப்படியே போகட்டும்.

எங்கள் வீட்டுக்கு வரும்போது, அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும், காற்று என்றே சொல்லிவிடுங்கள்.